ஹேமர் நின்ற நேரம்

"மனுஷனா அவன்? கல்நெஞ்சுக்காரன்!"

ஏஞ்சலின் பொரிந்து தள்ளினாள். வாடகை குறைவென்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆய்வுக்கூடம் போட்டது தப்பாகிவிட்டது. பக்கத்துப் பட்டறையின் ஹேமர், கரண்டில் ஓடும் அந்த ராட்சதச் சுத்தியல், இரும்பை அடிக்கும்போதெல்லாம் இங்கே தரை அதிர்ந்தது.

"கேட்டுப் பாத்தியாக்கா?" என்றான் உதவியாளன் ராபின்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணான்னு கெஞ்சினேன்டா. அந்த மோசஸ் மேஸ்திரி இன்னா சொன்னான் தெரியுமா? 'ஹேமர் நின்னா ஓனர் என்னைத் தொரத்திடுவாரு. நீ போய்க்கினே இரும்மா'ன்னான். மூஞ்சியக்கூடப் பாக்கல!"

வாசலில், சோதனையைப் பார்வையிட வரும் குழுவின் கார் வந்து நின்றது. இன்று சோதனை பலிக்காவிட்டால் கூடத்துக்குப் பூட்டுதான். வருஷக்கணக்கான உழைப்பும் அம்போ.

விஷயம் இதுதான். எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். நடுவே, பனிக்கட்டியெல்லாம் சூடு என்று சொல்லுமளவுக்குக் குளிர்ந்த அணுக்கள். லேசர் ஒளியை மெல்ல ஏற்றினால், கலைந்து கிடக்கும் அணுக்கள் ஒரு கட்டத்தில் சட்டென்று சதுரங்கக் கட்டம் மாதிரி ஒழுங்காகிவிடும். அப்போது திரையில் கோடு ஜிவ்வென்று எழும்பும். கண்ணாடி துளி அதிர்ந்தாலும் எல்லாம் பாழ்.

ஒளியை ஏற்றினாள். கோடு தலை தூக்கியது.

தடார்!

விழுந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி தடார்.

"இவ்வளவுதானா?" என்றார் குழுத் தலைவர்.

ஏஞ்சலின் கண்ணை மூடி வேண்டினாள். 'ஆண்டவரே, அந்த ஹேமரை நிறுத்தும். கரண்ட் போனால் எனக்கும் போயிடும். வேறு எப்படியாவது நிறுத்தும்!'

நின்றேவிட்டது.

கோடு எழுந்தது. விழவே இல்லை. தலைவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

ஏஞ்சலினுக்குத் தலைகால் புரியவில்லை. 'கடைசியில மேஸ்திரி மனசு இரங்கிட்டாரே!' குழுவுக்காக வாங்கி வைத்திருந்த ஸ்வீட் டப்பாவோடு பட்டறைக்கு ஓடினாள்.

அங்கே ஒரே கூட்டம். நடுவில், தரையில் மோசஸ். கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம்.

"காய்ச்சின இரும்பு தெறிச்சு அடிச்சிட்ச்சும்மா. ஆட்டோவுக்குச் சொல்லிக்கீறோம்" என்றார் ஒருவர்.

தான் வேண்டிக்கொண்டதை நினைத்து அவளுக்கு உடம்பே கூசியது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மோசஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஹேமர் நின்னுகினுதாம்மா கீது. சீக்கிரம் போய் உன் வேலைய முட்ச்சிக்கோ."