கால் மறக்காத மிதி

பஸ் டிரைவருக்கு ஏது கோடை விடுமுறை? இவருக்குக் கிடைத்திருக்கிறது. குறுக்கே ஓடி வந்த சிறுமியை பஸ் இடித்துவிட்டதால், விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்லி இன்றோடு பதினோரு நாள். பின்வாசல் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இலை இடுக்குகளில் வெயில் பொட்டுப் பொட்டாக ஒழுகுகிறது. கொல்லைக் கொடியில் காய்த்த தர்பூசணியைக் கீறி நீட்டுகிறாள் மனைவி. "விதையை முழுங்கிடாதீங்க, வயித்துக்குள்ள கொடி மொளச்சிடும்." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாய் கடிக்கிறார், செல்போனைத் திருப்பிப் பார்க்கிறார், கவிழ்த்து வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். சாறு முழங்கைவரை வழிகிறது. நாற்காலிக்கு அடியில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் கையையே பார்க்கிறது. "கொஞ்சம் சும்மா உக்காருங்களேன். அந்தப் பொண்ணுதான் எழுந்து நடக்குதாமே." "நடக்குது, நடக்குது" என்கிறார், எரிச்சலாக. சுவரிலிருந்து ஓர் அணில் குதிக்கிறது. நாய் விருட்டென்று குறுக்கே பாய்கிறது. அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. தர்பூசணித் துண்டு தெறித்து மண்ணில் விழுகிறது. அணில் மரமேறிவிட்டது. நாய் திரும்பி வந்து துண்டை நக்குகிறது. மிதித்த கால் மட்டும் அப்படியே அழுத்திக்கொண்டிருக்கிறது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்த முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். "வண்டி நின்னுடுச்சுங்க" என்கிறாள். "காலை எடுங்க."