மனசாட்சிக்கு ஜிப்பு

சலூன் கண்ணாடியில் மாலை வெயில் மஞ்சளாகக் கரைகிறது. பாதி முகம் நுரையோடு பல் டாக்டர், நண்பர்கள் சேர்ந்து பார்த்த, ரப்பர் உடுப்பு மாட்டிய ராட்சசன் வரும் பழைய படத்துக்கு விளக்கவுரை நிகழ்த்துகிறார். "அவன் ராட்சசன் இல்லய்யா, நம்ம மனசாட்சி!" கத்தியைத் துடைத்துக்கொண்டே சலூன்காரர், "நானும் அதேதான் நெனச்சேன் டாக்டர்" என்கிறார். "எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்கிறார் பெஞ்சிலிருக்கும் எலக்ட்ரீசியன். டாக்டரின் கண் வாசலுக்குப் போய்த் திரும்புகிறது. மகளோடு வெளிநாடு போய்விட்ட நண்பர் தையல்காரர் இருந்திருந்தால் இந்நேரம், "மனசாட்சிக்கு முதுகுல ஜிப்பு தெரியுதேடா! நான்கூட அவ்வளவு கோணலாத் தைக்க மாட்டேன்" என்று பெஞ்சு ஆடச் சிரித்திருப்பார். டாக்டர் குரலை உயர்த்துகிறார். "உலக சினிமாவோட உச்சம்!" இருவரும் பவ்யமாகத் தலையாட்டுகிறார்கள். கன்னத்தில் நுரை காய்கிறது. "ஒருத்தனாவது என்னை 'வாயை மூடுடா'ன்னு சொல்லுங்களேன்டா" என்கிறார் டாக்டர், கெஞ்சுகிற குரலில்.