பதினொரு மணிக் குற்றவாளி

“ரெண்டு கையையும் மேசை மேல வைங்க, தோன் வில்மார். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.”

‘தோன்’ என்று மரியாதையாக அழைக்கப்படும் எடைப் பதிவாளர் வில்மார் ஒலிவேரா, காய்ப்பேறிய தம் கைகளை மேலாளர் எட்செவெரியின் மேசைமீது விரித்து வைத்தார். சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து ஐம்பத்தாறு.

“மாத்தே டீ உறிஞ்சுறதுக்காவது ஒரு கையை விடுவீங்களா? இல்ல, நீங்களே ஊட்டி விடப் போறீங்களா?”

“அதுக்கு இடது கை போதும்,” என்றார் மேலாளர்.

துராஸ்னோ நகரின் அந்தப் பால் கூட்டுறவுச் சங்கத்தில், மார்ச் மாதம் முதல், நாள்தோறும் பதினொரு மணிக்குக் கணினிகள் யாவும் உறைந்து நின்றன. இருபது நிமிடங்களுக்கு எடைச்சீட்டு வராது. எடைச்சீட்டு இல்லாத லாரி வாயிலைத் தாண்ட இயலாது. சென்ற வாரம் ஒரு லாரிப் பால் வெயிலில் நின்றே கெட்டுப்போயிற்று.

ஆகவே, இதற்குக் காரணமானவரின் பெயரை அன்று நண்பகலுக்குள் தெரிவிக்குமாறு மொந்தெவிதேயோத் தலைமையகத்திலிருந்து இயக்குநர் குழு ஆணையிட்டிருந்தது. அப்பெயருக்கு உரியவர் மறுநாள் வேலையில் இருக்கமாட்டார். வில்மார் ஓய்வு பெறுவதற்கோ இன்னும் ஏழு மாதங்களே எஞ்சியிருந்தன.

தரவுத்தளப் பொறுப்பாளரான நிபியா தெசெரா, மூலையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தார். தரவுத்தளத்திற்குள் செல்ல இருபது வழிகளே உண்டு. நூற்று நாற்பது ஊழியர்களும் அவற்றையே மாறி மாறி இரவல் வாங்கியாக வேண்டும். எந்த வழியில் எவர் வேலை செய்கிறார் என்று அறியும்பொருட்டு, வாங்குபவரின் பெயரை அவ்வழியின்மேல் ஒரு சீட்டாக ஒட்டும் ஏற்பாட்டை நிபியா இரு வாரங்களுக்கு முன் செய்திருந்தார். அன்று முதல், பதினொரு மணிக்கு அச்சீட்டு ஒரே பெயரைத்தான் காட்டியது.

“நான் என்ன பண்ணிடப் போறேன், மகளே? பதினொரு மணிக்கு முன்னாடி கடைசி எடையைப் பதியறேன். அப்புறம் மாத்தே குடிக்கப் போறேன். ஒத்தை விரலால தட்டுற கிழவன் நான். அதுக்குள்ள சங்கத்தையே கவுத்துட்டேனாக்கும்!”

“சீட்டு பொய் சொல்லாதுங்க, தோன் வில்மார். நானே எழுதினது.”

“என் மாமியாரும் இப்படித்தான் பேசுவா.”

அன்றைய சோதனை மேலாளரின் யோசனை. வில்மார் தம் கடைசி எடையைப் பதிந்த மறுகணமே, எவரும் எதையும் தொடாமல் முற்றத்திற்குச் செல்லவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார். அந்த மூவர் நீங்கலாக, நூற்று முப்பத்தேழு பேரும் வெந்நீர்க் குடுவைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினர். சங்கத்தில் எந்த ஆணையும் அதற்குமுன் அவ்வளவு விரைவாக நிறைவேறியதில்லை.

“கணினி வேகத்தைப் பத்தித் தலைமையகத்துக்கு அனுப்புற வேக அறிக்கை?” என்று நிபியா கேட்டார்.

“அது பாட்டுக்கு நடக்கட்டும். மார்ச் மாசம் நான் கேட்டதுலேர்ந்து ஒரு நாள் தவறாம அனுப்புறீங்க. இந்தக் கட்டடத்துல நேரத்துக்கு நடக்கிறது அது ஒண்ணுதான்.”

நிபியா சற்றே முகம் மலர்ந்து, உரிய விசையை அழுத்தினார்.

மணி பதினொன்று.

திரையில் இருந்த கோடு மெல்ல எழுந்து, செங்குத்தாகி, சிவந்தது. வாயிலில் முதல் லாரி ஒலியெழுப்பிற்று. கோட்டின் உச்சியில் இருந்த பெயர்: வில்மார் ஒலிவேரா.

மேலாளர் வில்மாரின் கைகளைப் பார்த்தார். ஒன்று மேசைமீது இருந்தது; மற்றொன்று மாத்தேக் குடுக்கையைப் பிடித்திருந்தது.

“கால்ல தட்டுறீங்களா?”

வில்மார் இரு கால்களையும் உயர்த்திக் காட்டினார்.

“அப்படின்னா பேரு எப்படி வந்துது, நிபியா?”

நிபியா தாம் எழுதிய நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

“வழியைத் திருப்பிக் குடுக்கும்போது பேர்ச்சீட்டைக் கிழிச்சுடணுங்க. அதை நான் எழுத மறந்திருக்கேன். கடைசியாத் திரும்பி வந்த வழியைத்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கும். அந்த ஆள் தன் பேரை ஒட்டலைன்னா பழைய பேரே நிக்கும். பேரு தோன் வில்மாரோடது. வேலை வேற யாரோ பண்றது.”

“கையை எடுக்கலாமா?” என்று வில்மார் கேட்டார்.

“எடுங்க. மன்னிச்சுடுங்க, தோன் வில்மார்,” என்றார் மேலாளர்.

“பரவாயில்ல, அடுத்தவன் கையும் வலிக்கட்டும். எவன் அவன்?”

மேலாளர் சாளரத்தின் வழியே நோக்கினார். முற்றத்தில் நூற்று முப்பத்தேழு பேரும் கணினிகளை விட்டு விலகி நின்று மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தனர். வாயிலில் லாரிகளின் ஒலி மூன்றாயிற்று, ஐந்தாயிற்று. அவர் தொலைபேசியை எடுத்து மொந்தெவிதேயோவை அழைத்தார்.

“ஆமாங்க, கண்டுபிடிச்சாச்சு. யாரா இருந்தாலும் நாளைக்கு வேலையில இல்லை, நீங்க சொன்ன மாதிரியே. ஒரு நிமிஷம், பேரைச் சொல்றேன்.” ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். “சீக்கிரம் சொல்லுங்க, நிபியா. பதினொரு மணிக்கு அந்த வழியை எடுத்தது யாரு?”

நிபியாவின் மடிக்கணினியில் வேக அறிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ச்சீட்டு என்னும் ஏற்பாடே தோன்றாத நாளில் எழுதப்பட்டதால் எந்தப் பெயரையும் ஒட்டாத அது, ஆண்டு முழுமைக்குமான பதிவுகளை ஒன்று விடாமல் பூட்டி வைத்துக்கொண்டு, பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தது.

“எழுதிக்கச் சொல்லுங்க. நிபியா தெசெரா.”