காலையில் டீச்சருக்கு, மாலையில் முதலாளிக்கு

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

“ஆலைக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம்! வேலை முடியும் வரை உங்கள் செல்லங்கள் உங்கள் பக்கத்தில்! இது நம் வேட்பாளர் முதலாளி ஐயா தரும் உறுதி!”

ஐயோ, போச்சு.

அது எதிர்த்து நிற்கிற டீச்சருடைய வாக்குறுதி.

சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் ஊரில் எனக்குத்தான் மவுசு. ஒலிபெருக்கி கட்டிய வேன் என்னுடையது ஒன்றுதான். காலையில் டீச்சருக்குக் கத்துவேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத் துணிப் பதாகையை மாற்றிக் கட்டி, மாலையில் முதலாளிக்குக் கத்துவேன். இரண்டு பேருக்கும் இது தெரியும். தொண்டைக்கு ஏது கட்சி?

காகிதத்தைப் பார்த்துப் பேசுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாம் மனப்பாடம். டீச்சர் என்றால் காப்பகம், கடைசி ஷிப்ட் விடும் வரை பஸ், கண்டபடி வாடகை ஏற்றினால் கேள்வி கேட்கச் சட்டம், ஆஸ்பத்திரியில் எந்நேரமும் டாக்டர். முதலாளி என்றால் மேம்பாலம், மணிக்கூண்டு, அதைச் சுற்றிக் கலர் விளக்குப் போட்ட நீரூற்று. இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் போனதே கிடையாது. இன்று வரைக்கும்.

எல்லாம் என் மகள் பார்த்த வேலை.

அவளுக்கு ஒன்றரை வயது. அவள் அம்மா இந்த ஆலையில்தான் தைக்கிறாள். பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலும் வேறு ஆள் இல்லை. அதனால் மகாராணி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க என்னோடு தேர்தல் வேலை பார்க்கிறாள். நீரூற்று வரைக்கும் நான் சரியாகத்தான் வந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் ஜன்னல் வழியாக வெளியே தாவப் போனாள். ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு கையில் மைக். வாய் தன்பாட்டுக்கு ஓடிவிட்டது.

அதுவும் எங்கே? ஆலை வாசலில், ஷிப்ட் விடுகிற நேரத்தில். ஆலை யாருடையது? என் வேனின் பின்பக்கம் ஏறிக் கும்பிட்டபடி நிற்கிறாரே, அவருடையதுதான்.

வாசலில் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரோ ஒருத்தி கைதட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு கை போதாது என்று சாப்பாட்டு டப்பாவையே தட்ட ஆரம்பித்தார்கள். நீரூற்றுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் கொட்டாவிதான்.

கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தேன். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது, முகம் மட்டும் சிவந்துவிட்டது. என்னை முறைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னை முறைத்தார். நம் பிழைப்பு இன்றோடு காலி என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ‘மாற்றிச் சொல்லுடா’ என்று அவர் சொல்லிவிட்டால், காப்பகமெல்லாம் கிடையாது என்று இதே மைக்கில் நானே அறிவிக்க வேண்டும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் அம்மா கேட்க.

அதற்குள் முன்னால் நின்றவள் கத்தினாள். “ஐயா, நிஜமாவா?”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். எத்தனை ஓட்டு அந்த வாசலில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன? “நான் எப்பம்மா பொய் சொல்லியிருக்கேன்?” என்றார்.

டப்பாச் சத்தத்தில் காது அடைத்துப்போனது.

என் மனைவி மட்டும் தட்டவில்லை. எந்த வேளைக்கு எந்தச் சரக்கு என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் என் ஒத்திகையைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவள் அவள்தானே. கூட்டத்து நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் எதிரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன்.

டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. வேலை விட்டு வரும் பெண்களிடம் கொடுக்க வந்திருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டும் இருக்கிறார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, தொண்டை கட்டி, செருப்புத் தேய்ந்த மனுஷி. முதலாளியின் சொந்த ஆலை வாசலில் அவர் நம்பியிருந்ததே அந்தக் காப்பகத்தைத்தான். அதைக் கொண்டுபோய் நான் எதிராளி மடியில் போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

சாலையைக் கடந்து நேராக என் ஜன்னலுக்கு வந்தார். மைக்கை அணைத்தேன்.

“டீச்சர், சத்தியமா வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடுங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கம் பார்த்தார். அங்கே பெண்கள் வேனைச் சூழ்ந்துகொண்டு முதலாளியைக் குடைந்துகொண்டிருந்தார்கள். எந்த அறை, யார் பார்த்துக்கொள்வது, பால் காய்ச்ச அடுப்பு உண்டா, எப்போது திறப்பீர்கள்? இறங்கி ஓட வழியில்லாமல் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அத்தனை பேர் சாட்சி.

டீச்சர் பிரசுரக் கட்டைக் கைப்பைக்குள் திணித்தார். என் மகளின் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஜன்னலோரம் குனிந்து, முதலாளிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“நாளைக்குச் சாயங்காலம், அந்த பஸ் விஷயத்துலயும் கொஞ்சம் வாய் தவறிடுங்க தம்பி.”