அரை அடி பின்னால்

“மறுபடியும் மூச்சு வாங்குறே. பேச்சையே காணோம். நான் என்ன ஊமைகூடவா ஓடுறேன்?”

கிமோசோப் திட்ட, செபோய் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். இட்டென் ஊரின் செம்மண் ஓட்டப்பாதையில் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி. இருவரும் ஒட்டினாற்போல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று வேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று.

“ஓடுறதா, பேசுறதா அண்ணே?”

“ரெண்டும்தான். நேரம் எவ்வளவு?”

செபோய் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “அறுபத்தெட்டு செகண்ட்.”

“முதல் பாதியில பறக்குறே. அப்புறம் நொண்டுறே. அறுபத்தஞ்சு வரணும், ஒரே சீரா வரணும். இல்லேன்னா சனிக்கிழமை நைரோபிக்கு வேற ஆளோட போறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. தேசிய அணித் தேர்வுக்குப் போறேன்னு என் பொண்டாட்டி சந்தை முழுக்கச் சொல்லிட்டா. போகலேன்னா எனக்கு வீட்ல உகாலிக் களி கிடைக்காது.”

“அப்ப ஓடு. இன்னொண்ணு. எல்லைக்கோட்டுக்கிட்ட எனக்கு முன்னால உன் கால் போச்சு, தொலைஞ்சே.”

வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் லகட் உட்கார்ந்திருந்தான். அவனும் ஓட்டக்காரன்தான். பயிற்சிக்காக நேற்றுதான் இந்த ஊருக்கு வந்திருந்தான்.

“யாரு அக்கா அந்த ராசா?” என்றான். “கூட ஓடுறவன் பின்தங்கவும் கூடாதாம், முந்தவும் கூடாதாம். நடுவுல கதை வேற சொல்லணுமாம்.”

“அவங்க அப்படித்தான். டீ ஆறுது, குடி” என்றாள் கடைக்காரி.

கடைசிச் சுற்று தொடங்கியது. செபோய் இந்த முறை அவசரப்படவில்லை. முதல் வளைவிலேயே காலை அடக்கினான். எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பாதித் தூரம் தாண்டியும் குரல் உடையவில்லை.

கடைசி நேர்ப்பாதையில்தான் அவனுக்கே ஆச்சரியம். காலில் இன்னும் வலு மிச்சம் இருந்தது. பக்கத்தில் கிமோசோப்பின் மூச்சு இரைந்தது. நினைத்தால் முந்திவிடலாம்.

“முந்துடா, அந்த மனுசனுக்கு ஒரு தடவை காட்டுடா” என்று லகட் பெஞ்சில் ஏறி நின்று கத்தினான்.

செபோய் அரை அடி பின்வாங்கினான். கிமோசோப் முதலில் கோட்டைத் தாண்டினான்.

“நேரம்?”

“அறுபத்தஞ்சு.”

கிமோசோப் முதல்முறையாகச் சிரித்தான். “போ. பெட்டி கட்டச் சொல்லு பொண்டாட்டிகிட்ட.”

லகட்டுக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டி ஓடி வந்தான். “என்னப்பா நீ, கையில வந்த வெற்றியை விட்டுட்டியே. இவருக்கு அவ்வளவு பயமா?”

“நான் முந்தினா ரெண்டு பேருக்கும் ஓட்டம் செல்லாது. சட்டம் அப்படி” என்றான் செபோய்.

“எந்த ஊர்ச் சட்டம் அது?”

கிமோசோப் குரல் வந்த பக்கம் திரும்பினான். “ஊருக்குப் புதுசா? வாங்க தம்பி.”

லகட் வேண்டாவெறுப்பாகக் கை நீட்டினான். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

செபோய் தன் மணிக்கட்டையும் கிமோசோப்பின் மணிக்கட்டையும் பிணைத்திருந்த துணிக்கயிற்றை அவிழ்த்தான். கிமோசோப்பின் கையை மெல்லப் பிடித்துக் கொண்டுபோய், லகட்டின் கையில் வைத்தான்.