பச்சைத் தட்டி

சேரப்பணஞ்சேரிப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் புதுத் தென்னங்கீற்றுத் தட்டி பச்சை மாறாமல் நிற்கிறது. சுந்தராம்பாள் டீச்சர் மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார் என்று நேற்றுத்தான் ஊருக்குத் தெரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலம் விடிவதற்குள் ஆள் சேர்த்துக் குளிக்க மறைப்புக் கட்டிவிட்டார். கயிறு இழுத்த அவர் உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து டீச்சர் கேட்டது இது ஒன்றுதான். ஊர் முட்டை கொடுத்தது, அரிசி கொடுத்தது, திருவிழாவில் மாலைகூடப் போட்டது. மறைப்பு மட்டும் வரவில்லை; பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்த டீச்சர் இருட்டோடு எழுந்து, புடவையைச் சுற்றிக்கொண்டே குளித்தார். "அதான் கட்டியாச்சே டீச்சர், இன்னும் இன்னா கொற?" என்கிறார் தணிகாசலம், தரையைப் பார்த்தபடி. டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டு டீச்சர் தட்டிக்குள் போகிறார். வாளித் தண்ணீரில் கீற்று வெயில் ஆடுகிறது. தூரத்தில் வாலாஜாபாத் பஸ்ஸின் ஹாரன். முகம் கழுவி வந்தவர், முந்தானையால் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "அடுத்த டீச்சர் வர்றதுக்குள்ள ஒரு கதவும் போட்டுடுங்க."