வழவழத்த கண்ணீர்

இது சுவா அக்கா எனக்குச் சொன்னது. நான் அங்கே இல்லை. அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவருடைய கொழுந்தன் பூராராம் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனான். ஜோத்பூர்ப் பக்கத்து வழக்கப்படி பன்னிரண்டு நாள் துக்கம். வெளியூர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒவ்வொரு கூட்டம் நுழையும்போதும் வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புதிதாக ஓலமிட வேண்டும்.

மூலையில் மாமியார் தாபூவும் பூராராமின் மனைவி கேசரும் முக்காட்டோடு முக்காடு ஒட்டி உட்கார்ந்து அழுதார்கள்.

நான்காம் நாள். வாசலில் ஆள் அரவம் கேட்டதும் கேசர் இடுப்பிலிருந்து எதையோ எடுத்து முக்காட்டுக்குள் கொண்டுபோனாள். சுவா எட்டிக் கையைப் பிடித்தார். விரல் நீளத்தில் ஒரு மருந்துக் குப்பி. அதன் முனையில் ஒரு துளி.

சுவா அந்தத் துளியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். ஜோத்பூர் பிசின் ஆலையில் பதினோரு வருஷம் வேலை செய்த விரல்கள். கொத்தவரை விதைப் பிசின் என்றால் தொட்டதுமே தெரிந்துவிடும்.

வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார்.

"கண்ணீர் வழவழக்குமாடி? நம்ம வயல்ல விளையுற கொத்தவரைப் பிசினைக் கண்ணுல ஊத்திக்கிட்டா புருஷனுக்கு அழுவுற?"

கேசர் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அத்தையைப் பாரு. பெத்த வயிறு. எப்படி வடியுது. பக்கத்துல உக்காந்திருக்க உனக்குக் கூசல?"

யாரோ சிரித்தார்கள். தாபூ முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

குப்பியை மட்டும் கொடுத்துவிடும்படி கேசர் கேட்டாளாம். சுவா அதை அடுப்பில் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்தது. புருஷனுக்கு அழாதவளுக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்று கேசரின் அண்ணனை வரவழைத்து, அவளை அவனோடு அனுப்பிவிட்டார்கள். பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்," என்றார் சுவா. "அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இப்ப அத்தை கண்ணையே திறக்கிறதில்ல. திறந்தா உள்ள மணல் அறுக்குற மாதிரி இருக்காம். மகன் போன துக்கம், வேற என்ன."

கண் முகாம்களில் பெயர் எழுதுவது என் வேலை. அந்த மணல் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. தேவையில்லாமல் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் பழைய பதிவேட்டை எடுத்து, அந்த ஊர் முகாம் நடந்த நாளைத் தேடினேன். பூராராம் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

நோயாளிகளில் கேசர் என்று யாருமில்லை. என் கையெழுத்தில் இருந்தது இதுதான்:

"தாபூ, வயது 64. இரண்டு கண்ணிலும் கண்ணீர் சுரப்பதில்லை. கொத்தவரைப் பிசின் சேர்ந்த சொட்டு மருந்து, தினம் ஆறு வேளை. ஊற்றிவிடுபவர்: இளைய மருமகள் கேசர்."